வேன்காரர் வேகமாக ஓட்டுகிறார், வேறு வேனும் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளி 9 கிலோமீட்டர். என் பிள்ளைகள் இருவர், இரண்டாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும், வேனில்தான் போய் வருகிறார்கள். 11 பேர் உட்காரும் வேனில் 19 பிள்ளைகள். வேன்காரர் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். வளைவில் செம்பனை லோரியை முந்துகிறார். கேட்டால், "பிடிக்கலன்னா வேற வேன் பாத்துக்குங்க" என்கிறார். வேறு வேன் கிடையாது. புகார் செய்தால் இருக்கும் வேனும் நின்றுவிடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். நாளைக் காலையே பிள்ளைகளை ஏற்றக்கூடாத நிலை ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் பேசிச் சரிசெய்யக்கூடிய நிலை ஒன்று உண்டு. வேன்காரரிடம் குடி வாடை அடித்தாலோ, ஓட்டும்போது தூங்கி விழுகிறார் என்று பிள்ளைகள் சொன்னாலோ, பக்கவாட்டுக் கதவு சரியாகப் பூட்டாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாலோ, டயர் மழுங்கியிருந்தாலோ, பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. டயரைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மழை பெய்த செம்மண் சாலையில் அந்த டயர் நிற்காது. அன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி போலீசிலிருந்தும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்தும் தொடங்குவதில்லை, நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

9 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 11 நிமிடம். 80-ல் பறந்தால் 7 நிமிடம். அவர் மிச்சம் பிடிப்பது 4 நிமிடம். அந்த 4 நிமிடத்துக்காகத்தான் வளைவில் முந்துகிறார். அது எங்கே தொலைந்தது என்று பாருங்கள். தோட்டத்து வேன்காரர்கள் பலர் காலையில் இரண்டு நடை ஓட்டுகிறார்கள்: ஒரு தோட்டத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடிவருவார்கள். உங்கள் லயத்தில் 12 வாசலில் நிற்கிறார் என்று வையுங்கள். வாசலுக்கு ஒரு நிமிடம் தாமதம், காலணி தேடியது, தண்ணீர்ப் போத்தலை மறந்தது என்றாலே 12 நிமிடம் போயிற்று. ஏழரைக்குப் பள்ளி தொடங்கிவிடும். தாமதத்தை அவர் சாலையில்தான் ஈடுகட்டுவார். இது அவர் செய்வதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் இதைத் தொடாமல் "மெதுவா ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னால், தலையாட்டிவிட்டு மறுநாளும் அப்படியே ஓட்டுவார்.

ஆகவே முதல் வேலை ஒரு நோட்டுப்புத்தகம். இரண்டு வாரத்துக்கு எழுதுங்கள்: தேதி, வேன் வந்த நேரம், கிளம்பிய நேரம், பள்ளியில் சேர்ந்த நேரம், எத்தனை பிள்ளைகள், என்ன நடந்தது, எந்த இடத்தில், யார் பார்த்தார்கள். "கண்மண் தெரியாம ஓட்டுறார்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் அசையமாட்டார். "செவ்வாய் காலை 6.52, கோயில் முச்சந்தி தாண்டிய வளைவு, இரட்டைக் கோட்டில் லோரியை முந்தினார், வலது கையில் கைப்பேசி, எதிரே மோட்டார் ஒதுங்கியது" என்று எழுதினால் அது புகார். பிள்ளைகளிடம் கேட்கும்போது, "அங்கிள் வேகமா ஓட்டினாரா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். "இன்னைக்கு வேன்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளையிடம் கைப்பேசி கொடுத்துக் காணொளி எடுக்கச் சொல்லவே வேண்டாம். பிடிபட்டால் தினமும் அந்த வேனில் போகவேண்டியவன் அவன்தான். நீங்களும் மோட்டாரில் பின்னால் துரத்திக்கொண்டு ஒரு கையால் படம் எடுக்காதீர்கள். வளைவின் ஓரத்தில் நின்று எடுத்தால் போதும். வண்டியின் எண்ணும் நேரமும் இடமும் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அந்த முந்துதலில் உள்ள ஆபத்தையும் எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது உதவும். குலை ஏற்றிய லோரி 40-ல் போகிறது, வேன் 60-ல் முந்துகிறது என்றால், லோரியின் நீளத்தையும் முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்து 40 மீட்டர் கூடுதலாகக் கடக்கவேண்டும். அதற்கு 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியில் வேன் 120 மீட்டர் ஓடும், எதிரே 60-ல் வருகிற வண்டியும் 120 மீட்டர் ஓடும். ஆக 240 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். செம்பனை மட்டை சாலைமேல் கவிந்திருக்கும் வளைவில் 60, 70 மீட்டர் தெரிந்தாலே அதிகம். 19 பிள்ளைகளும் புத்தகப் பைகளும் ஏறிய வேன் சட்டென்று வேகம் எடுக்காது. அதனால் 7 விநாடி 9 ஆகும்.

நிறுத்தும் தூரமும் இப்படித்தான். காய்ந்த தாரில் 30-ல் போகும் வண்டி, ஓட்டுநர் கண்டு பிரேக் மிதித்து நிற்க ஏறக்குறைய 18 மீட்டர் ஆகும். 60-ல் போனால் 45 மீட்டர். நனைந்த சாலையில் 60 மீட்டருக்குக் குறையாது. உதிர்ந்த செம்பனைப் பழம் நசுங்கி வழுக்கும் இடத்தில் இன்னும் கூடும். இந்தக் கணக்கெல்லாம் கண் சாலையில் இருந்தால்தான். 60-ல் போகும்போது கைப்பேசியை 2 விநாடி பார்த்தால் 33 மீட்டர் பார்க்காமலே ஓடியிருக்கிறது வேன். பிள்ளைகள் வாரோ பிடிமானமோ இல்லாமல் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்திருக்க, வேன் 40-ல் மோதினால், அது 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி அளவிலிருந்து, விழுவதற்குச் சமம்.

அடுத்தது அவரிடம் பேசுவது. காலையில் பேசாதீர்கள். வாசலில் வேனை நிறுத்தி வாக்குவாதம் செய்தால் அன்றைக்கு அவர் இன்னும் வேகமாகத்தான் போவார், உள்ளே உங்கள் பிள்ளை இருக்கும். மாலையில், கடைசி நடை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், பெற்றோர் மூன்று பேராகப் போங்கள். பத்துப் பேர் போனால் அது மிரட்டல்; ஒருவர் போனால் "அந்த அக்காவுக்கு வேற வேலையில்ல" என்று ஆகிவிடும். குற்றச்சாட்டோடு தொடங்காமல் உங்கள் பக்கத்துக் குறையை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பேசலாம்:

"அண்ணே, நாங்க பிள்ளைங்கள வாசல்ல நிக்க வைக்கிறதுல லேட் பண்றோம், உங்களுக்கு நேரம் போகுது, தெரியுது. நாளையிலேருந்து 12 வாசல் வேணாம், மூணு இடத்துல மட்டும் நில்லுங்க. கோயில் வாசல், பழைய ஆபீஸ், லயத்து முனை. ஆறேகாலுக்குப் பிள்ளைங்க அங்க நிப்பாங்க. வராத பிள்ளைக்குக் காத்திருக்க வேணாம், விட்டுட்டுப் போங்க. மாசப் பணம் அஞ்சாம் தேதிக்குள்ள கைக்கு வந்திரும். நீங்க எங்களுக்கு மூணு செய்யணும்: ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது, லோரிய முந்தக்கூடாது, பிள்ளைங்க உக்கார்ந்த பெறகுதான் வண்டிய எடுக்கணும்."

மூன்று இடம் என்ற இந்த ஒரு மாற்றமே பல நிமிடங்களை மிச்சமாக்கும். "வராத பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள்" என்பதற்குப் பெற்றோர் எல்லாரும் உண்மையாகவே ஒத்துக்கொள்ளவேண்டும்; ஒரு வீடு மறுத்தாலும் ஏற்பாடு ஒரு வாரத்தில் குலைந்துவிடும். பணம் நிலுவையில் இருக்கும் வீடுகள் வேன்காரரிடம் பேசப் போகிற மூவரில் இருக்கக்கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பேச்சு அங்கேதான் உடையும்.

19 பிள்ளைகள் விஷயம் இந்தப் பேச்சில் தீராது, ஏனெனில் அவர் வருமானமே அந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது. அதைத் தனியாக எடுக்கவேண்டும், அதற்குமுன் அவர் யார் என்று தெரியவேண்டும். கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றுபவருக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதாது. ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை வழங்கும் பி.எஸ்.வி. உரிமம், அதாவது பொதுச் சேவை வாகனம் ஓட்டும் உரிமம், வேண்டும்; வண்டிக்குத் தீபகற்பத்தில் அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையின் அனுமதி வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகவேண்டும். இப்போது உரிமம் மைஜேபிஜே செயலியிலேயே இருக்கிறது, காட்ட அரை நிமிடம் ஆகாது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா வேன்காரரிடமும் பொதுவாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டால், தனியாக ஒருவரைச் சந்தேகித்ததாக ஆகாது.

உரிமம் இல்லாத 'கெரெத்தா சாப்பு' என்று தெரிந்தால் கதை வேறு. தனியார் வாகனக் காப்புறுதி, வண்டியைக் கூலிக்கு ஓட்டுவதை ஏற்பதில்லை. விபத்து நடந்தால் பிள்ளையின் மருத்துவச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் யாரைப் பிடிப்பது என்று அலைய வேண்டியிருக்கும். மலிவான வேன் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, இந்தக் காப்பு இல்லாததால் வந்த மலிவுதான். அவர் நல்ல ஓட்டுநராகவே இருந்தாலும், பி.எஸ்.வி. எடுக்க ஒரு கால எல்லை கொடுங்கள். எடுக்க முன்வந்தால் உதவுங்கள். உரிமம் உள்ளவர் என்றால், எத்தனை பேர் ஏறலாம் என்பது வண்டியின் ஆவணத்திலேயே இருக்கும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை இரண்டாம் நடைக்கு மாற்றுவதா, பெற்றோர் கூடுதல் பணம் கொடுப்பதா என்று பேசுங்கள். 11 பேர் கொடுக்கிற பணத்தில் 19 பேரின் வருமானத்தை அவரால் பார்க்கமுடியாது. இதை மறைத்துப் பேசினால் அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

பேசியும் இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் எழுத்துக்குப் போங்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரே கடிதம், நோட்டுப்புத்தகத்தின் நகலோடு, பல பெற்றோரின் கையெழுத்தோடு. வேன் பள்ளியின் சொத்தல்ல, தலைமையாசிரியரால் அவரை வேலையிலிருந்து நிறுத்தமுடியாது; ஆனால் பள்ளி வளாகத்தில் எங்கே நிறுத்துவது, எப்படி இறக்குவது என்பதைச் சொல்லமுடியும். சங்கத்தின் பெயரில் போகும் கடிதத்தில் இன்னொரு நன்மை உண்டு. சின்ன ஊர் இது. வெள்ளிக்கிழமை கோயிலில் அவரையும் அவர் மனைவியையும் பார்க்கத்தான் போகிறீர்கள். புகார் உங்கள் ஒருவர் முகமாக இருக்கவேண்டியதில்லை.

அதற்கும் மேல் ஜே.பி.ஜே. இரட்டைக் கோட்டில் முந்துவது, சிவப்பு விளக்கை மீறுவது போன்றவற்றுக்கு இ-அடுவான் செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். அளவுக்கு மீறி ஏற்றுவதையும் அனுமதி இல்லாமல் ஓட்டுவதையும் ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் அபாட்டிலும் எழுத்தில் கொடுங்கள். மோதல் நடந்தாலோ, மிரட்டினாலோ, போதையில் ஓட்டினாலோ நேராகக் காவல் நிலையம். உடனடி ஆபத்துக்கு 999. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் சொல்கிறது. இதைச் சொல்லிப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பேச்சு முடிந்து புகார் கொடுக்கும்போது எந்தப் பிரிவு என்று நீங்கள் தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

வேன் நின்றுவிடுமே என்ற பயத்துக்கு: புகாருக்கு முன்பே மாற்று ஏற்பாட்டைத் தயாராக வையுங்கள். கார் உள்ள நான்கு வீடுகள் முறை வைத்துப் பணம் வாங்காமல் ஏற்றினால் இரண்டு வாரத்தைத் தாண்டலாம். அந்த நான்கு பெயரும் தாளில் எழுதப்பட்டிருப்பது தெரிந்தாலே வேன்காரரின் "வேற வேன் பாத்துக்குங்க" பாதிக் குரலாக இறங்கிவிடும்.

நடுவில், நாளைக் காலையிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது: பையை முதுகில் வைத்துக்கொண்டு உட்காராதே, காலடியில் வை, கதவோரம் சாயாதே, வேன் முழுசா நின்ற பிறகுதான் எழு. இறங்கியதும் வேனுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிச் சாலையைக் கடக்கக்கூடாது. வேன் போனபிறகு இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவேண்டும். வேனுக்குப் பின்னால் வரும் லோரிக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு லோரி தெரியாது.

லோரியைப் பற்றியும் ஒன்று. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓட்டுநர்கள் ஆலைக்கு முதலில் போய்ச் சேரத்தான் விரட்டுவார்கள். அவர்களிடம் சாலையில் சண்டை போடாதீர்கள். தோட்ட நிர்வாகத்துக்கு எழுதி, பள்ளி நாள்களில் ஆறரை முதல் ஏழரை வரை குலை லோரிகள் அந்தச் சாலையில் இறங்காமல் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். எடைப் பாலத்துக்கு எந்த லோரி எப்போது வந்தது என்ற பதிவு ஆலையில் இருப்பதால், சொன்னதைச் செய்தார்களா என்று அவர்களாலேயே பார்க்கமுடியும்.