அக்கா பேஸ், தம்பி டிரம்ஸ்: குடும்ப ராக் பேண்ட் கேள்வி – பதில்

வீட்டு ஆட்களை வைத்தே ராக் பேண்ட் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவர் கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிப்பவர். இப்போது 12 வயது மகள் பேஸ் கிட்டார் கேட்கிறாள். 9 வயது மகன் டிரம்ஸில் உட்காரத் துடிக்கிறான். கடையில் எடுத்துப் பார்த்தோம், மகளுக்கு விரல் எட்டவில்லை. இரண்டு வருடம் பொறுக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: பொறுக்கவே வேண்டாம். கடையில் கொடுத்தது பெரும்பாலும் 34 அங்குல ஸ்கேல் பேஸாக இருந்திருக்கும். ஸ்கேல் என்பது கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டிலிருந்து உடலில் உள்ள பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம். 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸ் என்று கேளுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்; முதல் ஃப்ரெட் வரைக்குமான இடைவெளியே அரை சென்டிமீட்டருக்கு மேல் குறையும். 12 வயதுக் கைக்கு அந்த அரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஒரு குறை உண்டு: நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும், தடித்த ஈ ஸ்ட்ரிங் தொளதொளக்கும். ஷார்ட் ஸ்கேலுக்கென்றே வரும் 45–105 தடிமன் ஸ்ட்ரிங் செட் போட்டால் சமாளிக்கலாம். பெரிய பேஸின் ஸ்ட்ரிங்கை வெட்டி மாட்டாதீர்கள். கம்பி சுற்றிய தடித்த பகுதி ட்யூனிங் கட்டையில் வளைந்து, அங்கேயே அறும்.

மகனுக்கு 16 அங்குல பேஸ் டிரம் உள்ள ஜூனியர் செட் போதும். 22 அங்குல டிரம்மின் மேல் மாட்டிய டாம் என்ற சிறிய டிரம் அவன் கழுத்து உயரத்துக்கு வந்துவிடும், தோளைத் தூக்கித் தூக்கி அடிப்பான். பாதம் பெடலில் முழுதாகப் பதியும்போது தொடை முட்டியை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். ஸ்டூலின் உயரத்துக்கு அதுதான் கணக்கு. குச்சி, மெல்லிய 7ஏ வாங்குங்கள்.

கேள்வி: அபார்ட்மென்டில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். சத்தம் வரக்கூடாதென்று எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினோம், சுவரெல்லாம் ஃபோம் ஒட்டினோம். ஆனாலும் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து சண்டை போடுகிறார்.
– வாசகர், சென்னை

பதில்: அவர் கேட்பது பாட்டை அல்ல, உங்கள் பையனின் கால் பெடலை. பெடல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கி, கான்கிரீட்டில் பரவி, அவர் வீட்டுக் கூரையில் ‘தொம் தொம்’ என்று விழுகிறது. சுவரில் ஒட்டிய ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். தரை வழியாகப் போகும் அதிர்வை அது தொடக்கூட முடியாது. முட்டை அட்டையும் அப்படித்தான்.

டென்னிஸ் பந்து மேடை செய்யுங்கள். 5 அடிக்கு 4 அடி அளவில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு வேண்டும். கீழ்ப்பலகையில் 7 வரிசை, வரிசைக்கு 5 என்று 35 துளைகள், ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம். டென்னிஸ் பந்து அதைவிடப் பெரியது என்பதால் துளையில் கால்வாசிக்கும் குறைவாக இறங்கி உட்காரும், தரையைத் தொடாது. பந்துகளின் மேல் இரண்டாவது பலகையை ஆணி, திருகு எதுவுமில்லாமல் வையுங்கள். அதன்மேல் கம்பளம், கம்பளத்தின் மேல் டிரம்ஸ். ஸ்டூலும் மேடை மேல்தான் இருக்க வேண்டும். ஆடினால் பயமாக இருக்கிறதென்று 60, 70 பந்துகளை அடைத்துவிடுகிறார்கள். பந்து கூடக் கூட மேடை விறைக்கும், விறைத்தால் அதிர்வு பழையபடி கீழே போகும். மேல்பலகை சுவரில் இடித்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். நாளாக ஆகப் பந்து அமுங்கிவிடும், வருடத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்து மாற்றுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு கீழ் வீட்டுக்காரரை அழைத்து, அவர் வீட்டில் நின்று நீங்களே கேளுங்கள், எந்த நேரம் அவருக்குத் தோது என்றும் கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு.

எலக்ட்ரானிக் செட்டில் ஹெட்போன் சத்தத்தையும் கவனியுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பிள்ளைகளுக்கு அதையும் கொடுக்காமல் சத்தத்தைக் குறைப்பதே சரி. சாதாரண டிரம்ஸ் என்றால் காதை முழுவதும் மூடும் இயர்மஃப் இல்லாமல் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது, பார்க்க வந்த பாட்டி உட்பட.

கேள்வி: கோயில் திருவிழா மேடையில் மகள் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக் அருகே போனபோது உதட்டில் ஷாக் அடித்தது. மைக் பழுதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மைக் பழுதில்லை, எர்த் இல்லை. இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள், உயிர் போகிற விஷயம் இது.

கிட்டாரின் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் வழியாக ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) இரும்பு உடலோடு இணைந்திருக்கிறது. மைக்கின் வலைத்தலை, ஒயரின் உறை வழியாக மிக்சரின் (ஒலிகளைக் கலக்கும் பலகை) எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்பின் ப்ளக்கில் எர்த் பின் உடைந்திருந்தாலோ, பந்தலில் இழுத்த ஜங்ஷன் பாக்ஸில் எர்த் ஒயரே இல்லாவிட்டாலோ, ஆம்பின் உடலில் கசிவு மின்சாரம் நிற்கும். கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் படும்போது நடுவில் மகள்தான் ஒயர்.

இனி மேடை ஏறுமுன் ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். ஏசி வோல்ட் நிலையில் ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் இன்னொன்றை மைக் தலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 50, 100 என்று காட்டினால் யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்கக் கூடாது. ஆம்ப், மிக்சர், கிட்டார் பெடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள த்ரீ-பின் இணைப்பு வாங்குங்கள். மேடைக்கு ஜெனரேட்டரும் மிக்சருக்கு ஊர் மின்சாரமும் என்று பிரித்துக் கொடுப்பது ஆபத்து. மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பலகை ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து, கிட்டாரோடு சேர்த்து எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ இரைச்சல் வருகிறதென்று சிலர் எர்த் பின்னை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். அந்த இரைச்சலுக்கு, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பேண்டில் தம்பிதான் பாடுவான். 13 வயது, குரல் உடைகிறது. அப்பா பழைய சுருதியிலேயே பாடச் சொல்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை.
– வாசகி (வயது 16), திருச்சி

பதில்: இதை அப்பாவிடம் காட்டுங்கள். குரல்வளை வளரும்போது பழைய உயரத்தை எட்டத் தொண்டையை இறுக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் குரல் தேறிய பிறகும் எளிதில் போகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ட்யூனர் ஆப் வைத்து, அவன் சிரமமில்லாமல் தொடும் கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் குறியுங்கள். பாட்டின் உச்சம் அந்த மேல் ஸ்வரத்துக்கு இரண்டு அரைஸ்வரம் (கிட்டாரில் இரண்டு ஃப்ரெட்) கீழே நிற்கும்படி சுருதியை இறக்குங்கள். ‘ஈ’யில் உள்ள பாட்டை ‘சி’க்கு இறக்க, எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை மூன்றாம் ஃப்ரெட்டில் மாட்டி ‘ஏ’ சுருதிக்கான கார்ட் வடிவங்களை வாசித்தால் போதும். ‘ஜி’யிலிருந்து ‘டி’க்கு என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, ‘சி’ வடிவங்கள். உச்ச வரிகளைக் கொஞ்ச நாள் நீங்கள் பாடுங்கள். தொண்டைக் கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டவும்.

கேள்வி: மூன்று பிள்ளைகளும் சேர்ந்து பாட்டு எழுதுகிறார்கள். யார் பெயர் போடுவது? காசு வந்தால்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பாட்டு பிறந்த அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, தலைப்பு, வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் போன் பதிவையும் அழிக்காதீர்கள். நம் சட்டத்தில் வரிக்கும் மெட்டுக்கும் பதிவுக்கும் உரிமை தனித்தனி. டிரம்ஸ் வாசிப்பவருக்கு மெட்டில் பெயர் வராமல் போவதில்தான் அண்ணன் தம்பி மனக்கசப்பு தொடங்குகிறது. அறையில் இருந்து சேர்ந்து உருவாக்கியவர்களுக்குச் சமபங்கு என்பது எங்கள் யோசனை. மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், வெளியாரிடம் கையெழுத்து என்று வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கட்டணக் கச்சேரியில் வாசித்தால், மாவட்ட ஆட்சியரின் அனுமதியை நிகழ்ச்சி நடத்துபவர் பெற வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும்.

கேள்வி: 14 வயது மகன் பேண்டை விடுகிறேன் என்கிறான். விட்டுவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: விடுங்கள். கட்டாயத்தில் ஓடிய பேண்டுக்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ‘தி ஷேக்ஸ்’ என்ற சகோதரிகள் பேண்டைத் தொடங்கி நடத்தியது அவர்களின் அப்பா. பள்ளியிலிருந்தே நிறுத்தி வாசிக்க வைத்தார். 1969இல் ஆல்பமும் வந்தது. 1975இல் அவர் இறந்ததும் பேண்ட் நின்றுபோனது. லாஸ் ஏஞ்சலஸின் ‘தி லிண்டா லிண்டாஸ்’ இன்னொரு விதம். அக்கா, தங்கை, உறவுக்காரப் பெண், ஒரு தோழி என்று நால்வர். இரு சகோதரிகளின் அப்பா தொழில்முறை ஒலிப்பதிவாளர், அவர்களின் ஆல்பத்தைத் தயாரித்தவர். மேடை அந்தப் பெண்களுடையது.

மகனின் கருவியை விற்காமல், அவன் அறையிலேயே விடுங்கள். ஒப்புக்கொண்ட கச்சேரி இருந்தால் அதை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொல்லலாம். அவன் பங்குப் பணத்தை அன்றே கணக்குத் தீர்த்துக் கொடுத்துவிடுங்கள்.