2 டி.பி. டிஸ்க்கில் 1.81 தான் காட்டுகிறது: வழக்குப் போடலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் களியக்காவிளையில் குடியிருக்கிறேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறேன். நான்கு மாதம் முன்பு திருவனந்தபுரத்துக் கடையில் 2 டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்கினேன். 1.81 டி.பி. தான் காட்டுகிறது. பெட்டியில் 5 ஜி.பி.பி.எஸ். என்று போட்டிருக்கிறது, காப்பி வேகமோ வினாடிக்கு 35 எம்.பி. தாண்டவில்லை. ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு வாங்கிய 8 டி.பி. எஸ்.எஸ்.டி.யில் போட்ட வீடியோக்களில் பாதி திறக்கவில்லை. கேஸ் கொடுப்பதென்றால் கேரளாவில்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மூன்று குறைகளையும் ஒரே மனுவில் போட்டுவிடாதீர்கள். முதலாவதில் வழக்கே இல்லை. இரண்டாவதில் வழக்கு உண்டா என்பது சோதித்தால்தான் தெரியும். மூன்றாவது வலுவானது. கலந்துவிட்டால் அதுவும் நீர்த்துப்போகும்.

கொள்ளளவில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பாளர் ஒரு டி.பி.யை லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024ஐ நான்கு முறை பெருக்கி வரும் தொகையை ஒரு டி.பி. என்கிறது. 2 லட்சம் கோடியை அந்தத் தொகையால் வகுத்தால் 1.81 சொச்சம். டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைட் கணக்கு ஏறத்தாழ 20,00,00,00,00,000 இருந்தால் பொருள் முழுதாக வந்திருக்கிறது.

வேகத்துக்கு வருவோம். 5 ஜி.பி.பி.எஸ். என்பது யு.எஸ்.பி. பாதையின் வேகம். அதுவும் பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். உள்ளே சுழலும் தட்டு அவ்வளவு வேகமாக எழுதாது. இந்த வகைச் சிறிய டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 140 எம்.பி. வரை கொடுத்தாலே சரி. ஆனால் 35லேயே நின்றுவிடுவது பழைய, மெதுவான யு.எஸ்.பி. 2.0 பாதையில் ஓடுவதன் அடையாளம். முன்பக்கப் போர்ட்டை விட்டு, கேபினெட்டின் பின்னால் உள்ள நீலநிறப் போர்ட்டில் செருகுங்கள். டிஸ்க்கோடு வந்த, முனை இரண்டு பிரிவாக அகன்றிருக்கும் கேபிளையே போடுங்கள். தயங்கித் தயங்கிச் செருகினாலும் சில சமயம் 2.0க்கு இறங்கிவிடும், ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சோதனைக்கு 10 ஜி.பி. உள்ள ஒற்றை வீடியோ ஃபைலை எடுங்கள். ஆயிரக்கணக்கான போட்டோக்களைக் காப்பி செய்தால் எந்த டிஸ்க்கும் திணறும். முதலில் 120 காட்டி, பல ஜி.பி. ஏறிய பிறகு 30க்கு விழுந்தால், தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை டிஸ்க்காக இருக்கலாம். அது குறைபாடு ஆகாது.

இத்தனைக்கும் பிறகு வேகம் ஏறவில்லையா? டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட இடங்களை எண்ணும் 05, சி5 வரிகளைப் பாருங்கள். அங்கே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் தட்டு கெடுகிறது, உடனே வாரண்டியில் கொடுங்கள். தகவல் போகும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இப்போது அந்த 8 டி.பி. பெட்டி. பெரும்பாலும் இவற்றின் உள்ளே 64 ஜி.பி. அளவில் ஒரு மெமரி கார்டுதான் இருக்கும். அதன் மென்பொருளைத் திருத்தி 8 டி.பி. என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். இடம் நிரம்பிய பிறகும் ஃபைல் பெயர் பதிவாகும், உள்ளடக்கம் போய்ச் சேராது, அல்லது பழைய ஃபைல் மேலேயே எழுதப்படும். அதனால்தான் பாதி வீடியோ திறக்கவில்லை. திறக்கிறவற்றை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்யாதீர்கள். பிறகு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளில் 2,00,000 எம்.பி. மட்டும் எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முழு 8 டி.பி.யையும் வினாடிக்கு 30 எம்.பி. வேகத்தில் எழுதவே மூன்று நாள் பிடிக்கும், தேவையில்லை. பெட்டி, சீரியல் எண், இறுதி முடிவு மூன்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்களை அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்காக பாரதிய சாட்சிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள்.

முதலில் அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915லும் புகார் பதியலாம். நடக்கவில்லையென்றால் விற்றவர், தளம் இருவரையும் எதிர்மனுதாரராக்கி நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கெடு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கேரளாவில்தான் கேஸ் என்று கடைக்காரர் சொல்வது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34(2)(டி) பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு கொடுக்க வழி செய்கிறது. பில்லில் 'திருவனந்தபுரம் எல்லைக்கு உட்பட்டது' என்று அடித்திருந்தாலும் சட்டம் தந்த உரிமை போகாது. ஜி.எஸ்.டி. எண் கேரளாவின் குறியீடான 32 என்று தொடங்கும் பில்லா, வெறும் துண்டுச் சீட்டா என்று பாருங்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பை இணையுங்கள். இந்தக் கடைமேல் இப்போதைக்கு மனு வேண்டாம். கெட்ட டிஸ்க்கை வாரண்டிக்குள் மாற்றித் தர மறுத்தால் தனி மனுவாகப் போடலாம்.

நீங்கள் கட்டாயம் எதிர்கொள்ளப்போகும் வாதம் ஒன்று உண்டு: 'தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோர் அல்ல.' சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆட்களை வைக்காமல் நீங்களே எடிட் செய்கிறீர்கள் என்றால் அதை மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்று 8 டி.பி. பெட்டியை விற்றவர் இடையில் சொன்னால், சாட்சியம் அனைத்தையும் எடுத்த பிறகே கூரியரில் கொடுங்கள். உங்களை நம்பிக் கொடுத்த கல்யாண வீட்டாரின் வீடியோக்கள் அதில் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில், அனுப்புவதற்குச் சற்று முன்பு, அவற்றை அழித்துவிடுங்கள்.