ஸ்லீவ் செய்து 3 வருடம், எடை திரும்ப ஏறுது, மனசும் சரியில்லை

எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகும் எடை ஏறுவதால், மறு ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம், முதலில் மனச்சோர்வைக் கவனியுங்கள். ஸ்லீவ் செய்த பலருக்கும் இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் எடை திரும்பும். இரைப்பை சற்று விரியும், பசியும் வரும். சோம்பேறித்தனம் என்று எஸ்டேட் தோட்டத்தில் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சோறு இறங்கவில்லை என்று நாளுக்கு நாலு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். சின்ன இரைப்பை சோற்றைத்தான் தடுக்கும். கெட்டிப்பால் போட்ட தேநீரும் மைலோவும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் குடிப்பதை மட்டும் எழுதிப் பாருங்கள்.

அப்புறம் சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்கில் பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதனை கேளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் உடம்போடு மனசும் சோர்ந்துபோகும். மனநல மருந்து எழுதினால் ஸ்லீவ் செய்ததைச் சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் எடையை ஏற்றும். பீர் வேண்டவே வேண்டாம், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு போதை சட்டென்று ஏறும்.

ஓயாத வாந்தி, நெஞ்செரிச்சல் இருந்தால் மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரை உடனே பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்: மலேசிய சுகாதார அமைச்சின் 15555 எண்ணைக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.