தரங்கம்பாடி வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடி சென்றிருந்தேன். கிங் ஸ்ட்ரீட்டில் கடற்கரைவரை வரிசையாக நிற்கும் பழைய வீடுகள் டேனிஷ் கட்டடக்கலைதானா? அவை அடிமைச் சின்னங்கள் என்கிறான் நண்பன். காப்பாற்றத்தான் வேண்டுமா? (நாகையில் எங்கள் தாத்தா வீட்டுச் சுவரும் இப்படித்தான் உதிர்ந்தது. போன வருடம் சிமெண்ட் பூசிவிட்டோம்.)

ஆர்.

அன்புள்ள ஆர்,

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கடை விரித்த டேனிஷ்காரர்கள், 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தூண்களில் ஐரோப்பியச் சாயல் உண்டு. ஆனால் அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகளின்மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திக் காரையில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை. அது நம் கொத்தனாரின் கைவேலை. அடிமைச் சின்ன விவாதத்தை உங்கள் நண்பர் மேடையில் வைத்துக்கொள்ளட்டும்.

அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் வயிறு எரிந்தது. படித்தவர்தானே நீங்கள்? கடலோரச் செங்கல் தரையிலிருந்து உப்புநீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உதிர்ந்தாலும் பூச்சுதான் உதிரும், திரும்பப் பூசலாம். சிமெண்ட் வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள், பொத்துப்பொத்தென்று கேட்கும். உள்ளே வெறும் மாவு.

காரைக்காலில் என் அத்தை வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோது, சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். அந்தக் கருப்பட்டியைத் திருடித் தின்று நான் அடி வாங்கியிருக்கிறேன். கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்த பெரியவர், "அவசரப்பட்டா சுவரு மூச்சு முட்டிச் செத்துரும் தம்பி" என்பார். பிறகு யாரோ சொன்னார்களென்று அத்தை மகன் சிமெண்ட் பூசினான். இப்போது அந்தச் சுவரில் ஓர் ஆணி நிற்காது.

தாத்தா வீடு என்று ஆசையாகத்தான் செய்திருப்பீர்கள், தெரிகிறது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இடுப்பளவுக்காவது சிமெண்ட்டைக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். பூக்கும் உப்பைத் துடைப்பத்தால் தட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவித் தொலைக்காதீர்கள். பிறகு சுண்ணாம்பு. "அதெல்லாம் இப்ப யார் சார் செய்றாங்க" என்பார் உள்ளூர் மேஸ்திரி. காரைக்குடிப் பக்கம் செய்கிறார்கள். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.