குதியைத் தாண்டாத சொக்ஸ்: பின்னல் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் பேரனுக்கு 64 கண்ணியில் வெறும் சொக்ஸ் பின்னி அனுப்பினேன், அளவாக இருந்தது. அதே நூல், அதே 2.5 மி.மீ. ஊசி, அதே 64 கண்ணியில் இம்முறை சுற்றிவரக் கேபிள் (கண்ணிகளைக் குறுக்கே மாற்றிப் போட்டு வரும் கயிற்று முறுக்கு டிசைன்) போட்டேன். குதியைத் தாண்டி ஏறவே இல்லையாம். என் கை இறுகிவிட்டதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: கையில் பிழை இல்லை. அகலத்தைத் தின்றது கேபிள்தான். மூன்று கண்ணியைத் தூக்கி அடுத்த மூன்றுக்கு மேலால் போடும்போது ஆறும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குறுகிவிடும். அதோடு, குறுக்கே போன கண்ணி இழுபட்டுக் கொடுக்கவும் மாட்டாது. வெறும் பின்னல் குதியில் ஏறும்போது விரிந்து கொடுக்கும், கேபிள் கொடுக்காது.

ஆகவே கணக்கை மாதிரித் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். வெறும் பின்னலில் ஒரு துண்டு, டிசைனில் ஒரு துண்டு. இரண்டையும் சுற்றுப் பின்னலாகவே பின்னி, கழுவி, காய்ந்த பிறகு அளவுங்கள். தட்டையாகப் பின்னிய துண்டை நம்ப வேண்டாம். திரும்பி வரும் பேர்ல் (நிற் என்ற நேர்க் கண்ணிக்கு மறுபுறக் கண்ணி) வரிசையில் பலருக்கு நூல் தளர்ந்துவிடும்.

கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ. என்று வைப்போம். சொக்ஸ் வழுகாமல் நிற்கப் பத்தில் ஒன்றைக் குறைத்து 20 செ.மீ. ஆக்குங்கள். வெறும் பின்னலில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி என்றால் 64 சரி. டிசைன் துண்டில் 10 செ.மீ.க்கு 38 வந்தால், சுற்றிவர 76 வேண்டும். அங்கே 64 போட்டால் கிடைப்பது 17 செ.மீ.க்கும் குறைந்த குழாய். அது எந்தக் குதியைத் தாண்டும்?

சுற்றிவரக் கேபிள் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உள்ளங்காலில் கேபிள் இருந்தால் சப்பாத்துக்குள் கல் கிடந்தது மாதிரி உறுத்தும். முன்பாதிக்கு டிசைன் 38, பின்பாதிக்கு வெறும் பின்னல் 32, மொத்தம் 70. முன்பாதியை இப்படிப் பிரியுங்கள் (மொஸ் என்பது நிற்றும் பேர்லும் ஒன்றுவிட்டொன்று மாறிவரும் மணிப் பின்னல்): 4 மொஸ், 2 பேர்ல், 6 கேபிள், 2 பேர்ல், 10 மொஸ், 2 பேர்ல், 6 கேபிள், 2 பேர்ல், 4 மொஸ். சதுரத்தாளில் ஒரு சதுரம் ஒரு கண்ணியாக வரைந்து பார்த்துவிட்டே ஊசியைத் தொடுங்கள். கேபிளின் இருபக்கப் பேர்லைக் கண்ணி மிச்சம் பிடிக்கவென்று குறைக்காதீர்கள். அந்தப் பள்ளம்தான் கேபிளை மேலே தூக்கிக் காட்டுகிறது. குறுக்குப் போடுவது 8 சுற்றுக்கு ஒருமுறை. 4 சுற்றுக்கு ஒருமுறை போட்டால் விறைத்துப்போய் ஓரத்தில் ஓட்டை தெரியும்.

மேல் ரிப்பை (விளிம்பில் இழுபட்டுக் கொடுக்கும் பட்டியை) 70இல் தொடங்க வேண்டாம். இரண்டு நிற், இரண்டு பேர்லுக்கு நாலால் பிரிபட வேண்டும். 64இல் தொடங்கி, ரிப்பின் கடைசிச் சுற்றில் ஒவ்வொரு கேபிளுக்கும் கீழே மூன்று மூன்றாகக் கூட்டுங்கள். கூட்டிய இடம் கேபிளின் அடியில் மறைந்துவிடும்.

குதி உங்களுக்குப் பழகியதுதான்: பின்பாதியின் 32 கண்ணியில் 32 வரிசை, குதியைத் திருப்பி முடிய மிஞ்சுவது 18, இருபக்க ஓரத்திலும் பக்கத்துக்கு 16 எடுக்க, முன்பாதியின் 38ஓடு மொத்தம் 88. ஒன்றுவிட்ட சுற்றில் பக்கத்துக்கொன்றாக ஒன்பது தரம் குறைத்தால் திரும்ப 70. விரல் நுனிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. இருக்கும்போது கேபிளுக்கு மூன்றாகக் குறைத்து 64 ஆக்கி, பிறகு வழக்கமான விரற்பகுதி.

அடுத்த சோடிக்கு முன் பேரனிடம் வட்ஸ்அப்பில் மூன்று அளவு கேளுங்கள்: பாத நீளம், கணுக்கால் சுற்று, குதியையும் மேற்பாதத்தையும் சரிவாகச் சுற்றிய அளவு. மூன்றாவதை ஒருவரும் கேட்பதில்லை. முடித்த சொக்ஸை இழுத்துப் பிடித்தால் அந்த அளவுக்கு விரிய வேண்டும்.

கேள்வி: இரண்டு கேபிளும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒன்றைப் பிழையாகவும் போட்டுவிட்டேன். முழுவதையும் உருவ வேண்டுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வேண்டாம். தூக்கிய கண்ணியைத் தாங்கும் கேபிள் ஊசியை முன்னால் பிடித்தால் இடப்பக்கம் சாயும், பின்னால் பிடித்தால் வலப்பக்கம். ஒன்றுக்கு முன்னால், மற்றதற்குப் பின்னால் என்று தாளில் குறித்து வையுங்கள். பிழைத்த கேபிளின் 6 கண்ணியை மட்டும் அந்தக் குறுக்குச் சுற்றுவரை இறக்கி, சரியாகக் குறுக்குப் போட்டு, ஏணிப்படியாக நிற்கும் நூலை ஒவ்வொன்றாகக் கீழிருந்து பின்னி ஏறுங்கள். பக்கத்துப் பேர்ல் கண்ணியைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூல் போதாதா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பழகுவதற்குப் போதும். குளிர்நாட்டில் போட்டு நடக்கப் போதாது. அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் கேபிள் தட்டையாகிவிடும், பிறகு எழும்பாது. ஊருக்கு வருகிறவர்களிடம் 75 வீதம் கம்பளி, 25 வீதம் நைலோன் கலந்த சொக்ஸ் நூல் கொண்டுவரச் சொல்லுங்கள். 100 கிராம் பந்தில் ஏறத்தாழ 400 மீற்றர் இருக்கும். கேபிள் கூடுதலாக நூல் குடிக்கும். பெரிய ஆண் பாதத்துக்கு இன்னும் 50 கிராம் சேர்த்தே வாங்க வேண்டும். நல்ல முறுக்குள்ள, ஒரே நிறமான, வெளிறிய நூலே பார்க்க அழகு. பலநிற நூலில் நீங்கள் பட்ட பாடு ஒருவர் கண்ணிலும் படாது. கறுப்பிலும் அதே கதைதான். கேபிளும் தெரியாது, இரவில் பின்னக் கண்ணியும் தெரியாது.

கேள்வி: மேற்பாதம் முழுவதும் மொஸ் போட்டேன். கீழே உள்ளங்கால் தொய்கிறது. ஏன்?
– வாசகி, நல்லூர்

பதில்: மொஸ் பக்கவாட்டில் விரிந்து உயரத்தில் குறுகும். மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையான சுற்றுகள்தானே; மேலே குறுகினால் கீழே மிஞ்சித் தொய்யும். மொஸ்ஸை ஒடுக்கமான பட்டிகளாக்கி, இடையில் நிற் கண்ணி ஓடும் பட்டிகளை வையுங்கள். மாதிரித் துண்டில் அகலத்தோடு 40 சுற்றின் உயரத்தையும் அளந்து, வெறும் பின்னல் துண்டோடு ஒப்பிடுங்கள். அரை செ.மீ. வித்தியாசத்தைக் கழுவி இழுத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் டிசைனைத்தான் மாற்ற வேண்டும்.