பல பக்கப் பத்திரத்தை டிஃப் கோப்பாக வைத்திருப்பது முட்டாள்தனமா?

ஸ்கேன் கடைக்காரர் பத்திரம் முழுவதையும் ஒரே டிஃப் (TIFF) படக் கோப்பாகக் கொடுத்துவிட்டார், திறந்தால் முதல் பக்கம் மட்டும் தெரிகிறது, பிடிஎஃப் இருக்கிற காலத்தில் எதற்கு இந்த வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கைப்பேசியில் திறந்திருப்பீர்கள். மற்ற பக்கங்கள் எங்கும் போய்விடவில்லை. கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் கணினியில் வேறொரு நிரலில் திறந்து பாருங்கள்.

வக்கீல் அலுவலகங்களுக்குப் பத்திரம் ஸ்கேன் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

டிஃப், ஆல்டஸ் நிறுவனம் 1986-இல் கொண்டுவந்த வடிவம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விவரப் பட்டியல் உண்டு. அதன் முடிவில், அடுத்த பக்கத்தின் பட்டியல் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற எண் இருக்கும்; கடைசிப் பக்கமென்றால் பூஜ்யம். முதல் பட்டியலைப் படித்ததோடு கடையைக் கட்டுகிற நிரல்கள் இருந்தால் அது டிஃபின் குற்றமா? கைப்பேசிப் படங்கள் வழக்கமாக வரும் ஜேபெக் (JPEG) வடிவத்தில் இந்த ஏற்பாடே கிடையாது.

ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. பழுப்பேறிய முத்திரைத்தாள், பேனா எழுத்து. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), கோப்பின் அளவைக் குறைக்கும் 'குரூப் 4' சுருக்கத்தில் டிஃபாகக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைக்கென்றே உள்ள சுருக்கம் அது. ஒரு புள்ளியைக்கூட இழக்காது. சிவப்பு முத்திரையின் மேல் கையெழுத்து விழுந்த பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுத்து அதே கோப்பில் சேர்த்தேன். குரூப் 4-இல் போட்டால் இரண்டும் ஒரே கறுப்பாகிவிடும்.

அந்த அலுவலகத்துக் குமாஸ்தா அதை எங்கேயோ கொடுத்து, வங்கிக்காக மிகச் சிறிய பிடிஎஃபாக மாற்றி வாங்கியிருக்கிறார். சர்வே எண்ணில் இருப்பது 6-ஆ 8-ஆ என்று வங்கியில் நிறுத்திவிட்டார்கள். "நீங்கள் எடுத்ததே தெளிவில்லை, சார்" என்று பழி என் தலையில் விழுந்தது. என்னிடமிருந்த டிஃபைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினேன். பேனா மேலே வளைந்து மூடாமல் நின்ற இடம் அப்படியே தெரிந்தது: 6. குமாஸ்தா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11, 17.42 என்று இருந்த அறைப் பரப்புகள் 14.13 ஆகியிருந்தன. ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளுக்கெல்லாம் ஒரே படத்தை ஒட்டி இடத்தை மிச்சம் பிடிக்கிற ஜேபிக்2 (JBIG2) சுருக்கம்தான் காரணம். மங்கலாக வந்தாலாவது சந்தேகப்படலாம். இது தெளிவாகவே தவறான எண்ணைக் காட்டும்.

"பிடிஎஃபுக்குள்ளும் குரூப் 4 வைக்கலாமே" என்று யாராவது வருவார்கள். வைக்கலாம், தெரியும். பிடிஎஃபுக்கு நான் எதிரியல்ல. குரோம் உலாவியில் டிஃப் திறக்காது என்பதும் தெரியும். மூலப்பிரதி டிஃபாக இருக்கட்டும், வெளியே கொடுப்பதை அதிலிருந்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மூலத்தைச் சாதாரணப் படத்திருத்தியில் திறந்து சேமித்துவிடாதீர்கள். சில நிரல்கள் முதல் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதைத் துடைத்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பத்திரத்துக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் லேமினேஷன் போட்டுக்கொண்டு வருகிறார்களே, இவர்களுக்கு யார் இந்த யோசனையைச் சொன்னது? ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் பளபளப்பு, உள்ளே காற்றுக்குமிழி, பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது. அதைவிட மோசம், பின்பக்கத்தை விட்டுவிட்டு ஸ்கேன் எடுத்துவைப்பது. சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பும் முத்திரையும் பழைய பத்திரங்களில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்கள் கோப்பைத் திறக்கும்போது அதையும் பாருங்கள். இல்லையென்றால் அதற்காகக் கடைக்காரரைத் தாராளமாகத் திட்டலாம்.