கணினி கேள்வி - பதில்: வலையமைப்பு அட்டையை அறியாத விண்டோஸ்

கேள்வி: மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிறுவும்போது, இணையத்தோடு இணைக்கச் சொல்லும் திரையில் எந்த வைஃபையும் தெரியவில்லை, ‘அடுத்து’ பொத்தானும் மங்கியே நிற்கிறது. வைஃபை அட்டை பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது என்று முடிவுகட்டிப் புதிய அட்டை வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும், அட்டையின் சில்லுக்கான டிரைவர் (அதை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) நிறுவல் கோப்பில் இல்லாததே காரணம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் சற்று நேரத்தில் பொத்தான் உயிர்பெறும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால், பெரும்பாலான கைப்பேசிகளில் மொபைல் டேட்டாவும் செலவாகாது. நிறுவல் முடிந்தபின் விண்டோஸ் அப்டேட் வழக்கமாக உரிய டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும்.

அப்படியும் வராவிட்டால், கணினியின் வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ மீது வலச்சொடுக்கி, பண்புகளில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். ‘வென்’ (VEN) என்பதை அடுத்து வருவது சில்லைத் தயாரித்த நிறுவனத்தின் குறி: 8086 இருந்தால் இன்டெல், 10இசி (10EC) என்றால் ரியல்டெக், 14இ4 (14E4) என்றால் பிராட்காம். ‘டெவ்’ (DEV) என்பதை அடுத்த நான்கு எழுத்துகள் சில்லின் மாதிரியைச் சொல்லும். டிரைவரை மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே மென்பொருளில்’ என்று அழைக்கும் தளங்களை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.